மியான்மரில் சீனா யார் பக்கம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மியான்மர் தேர்தலைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த தலையங்கத்தைப் படித்தேன். நிலவழியாகவே நம் நாட்டோடு 1,643 கிலோமீட்டர் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு நாட்டைப் பற்றித் தமிழ் நாளிதழ்கள் எப்போதாவதுதான் எழுதுகின்றன என்பதால், அந்தத் தலையங்கத்துக்கு முதலில் என் நன்றி. தேசிய ஜனநாயக லீக் கட்சியை 2023 மார்ச்சில் கலைத்துவிட்டு, அதன் தலைவர் ஆங் சான் சூகியைச் சிறையில் வைத்துக்கொண்டு, நாட்டின் பல நகரியங்களில் வாக்குப்பெட்டியே வைக்க முடியாத நிலையில் 2025 டிசம்பர் 28-இல் தொடங்கிக் கட்டங்களாக ராணுவ ஆட்சி நடத்திய அந்த வாக்குப்பதிவைத் தேர்தல் என்று அழைக்கத் தாங்கள் தயங்கியதிலும் எனக்கு முழு உடன்பாடு. ஆனால், மியான்மர் ராணுவம் சீனாவின் கைப்பாவை, சீனா தாங்கிப் பிடிப்பதால்தான் அது நிற்கிறது, சீனா சொல்வதைத்தான் அது செய்கிறது என்று அதே தலையங்கம் எடுத்த எடுப்பில் முடிவு கட்டியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த முடிவை வைத்துக்கொண்டு பார்த்தால் கடந்த மூன்று ஆண்டுகளில் சீன எல்லையை ஒட்டிய வட ஷான் மாநிலத்தில் நடந்தவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை விளங்காமல் போய்விடும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல இக்கடிதத்தில் இடம் கேட்கிறேன்.

2023 அக்டோபர் 27-ஆம் நாள் நிகழ்ந்ததிலிருந்தே தொடங்கலாம். கோகாங் இனத்தவரின் மியான்மர் தேசிய ஜனநாயகக் கூட்டணிப் படை, தாஆங் தேசிய விடுதலைப் படை, அரக்கான் படை ஆகிய மூன்றும் கூட்டாகச் சேர்ந்து வட ஷானில் இருந்த ராணுவ நிலைகளை ஒரே நாளில் தாக்கின. தாக்குதலின் நோக்கங்களில் ஒன்றாக அவை வெளிப்படையாக அறிவித்தது, எல்லையோரத்து இணைய மோசடி முகாம்களை ஒழிப்பதை. அந்த அறிவிப்பு யாருடைய காதில் விழவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது என்பதில் ஐயம் இல்லை. கோகாங் பகுதியின் தலைநகரான லவுக்காயில் சூதாட்ட விடுதிகளையும் மோசடி முகாம்களையும் நடத்திவந்த குடும்பங்கள் மியான்மர் ராணுவத்தின் அரவணைப்பில் இருந்தவை. அந்த முகாம்களில் அடைபட்டு உழைத்தவர்களும், அங்கிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளில் சேமிப்பை இழந்தவர்களும் பெரும்பாலும் சீனக் குடிமக்கள். முகாம்களை மூடுமாறு பெய்ஜிங் மாதக்கணக்கில் வற்புறுத்தியும் மியான்மர் தலைநகரான நேப்பிடோ அசையவில்லை. கைப்பாவை என்று நாம் அழைக்கும் ஓர் ஆட்சி, தன்னை ஆட்டுவிப்பவரின் குடிமக்களையே கொள்ளையடிக்கும் தொழிலுக்கு அவருடைய வாசலிலேயே காவல் நின்றது என்றால், அந்த வருணனையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதானே பொருள்?

அடுத்து நடந்தது இன்னும் தெளிவானது. போர் மூண்டபோது சீனா அதைத் தடுக்கவில்லை. லவுக்காயின் மிங் குடும்பத்தினர் மீது நவம்பரிலும், அப்பகுதியின் தலைவராக இருந்த பாய் சுவோசெங் உள்ளிட்ட பத்துப் பேர் மீது டிசம்பரிலும் சீனக் காவல்துறை பிடியாணை பிறப்பித்தது. நவம்பர் மாத முடிவுக்குள் 31,000 மோசடிச் சந்தேக நபர்கள் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதாகச் சீனப் பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. 2024 ஜனவரி தொடக்கத்தில் லவுக்காயில் இருந்த ராணுவப் படையணிகள் சரணடைந்தன. அந்த மாதம் முடிவதற்குள் பாய் சுவோசெங்கும் ஏனைய குடும்பத் தலைவர்களும் விமானமேற்றிச் சீனாவுக்கு அனுப்பப்பட்டார்கள். மிங் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட 11 பேருக்கு 2025 செப்டம்பரில் சீன நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. லவுக்காய் வீழ்ந்து தன் காரியம் கைகூடியதும், 2024 ஜனவரியிலேயே, எல்லையோர மாகாணமான யுன்னானின் தலைநகர் குன்மிங்கில் இரு தரப்பையும் உட்காரவைத்துச் சீனா ஒரு போர்நிறுத்தத்தை ஏற்படுத்தியது. தான் விரும்பிய அளவுக்குப் போர், அதற்கு மேல் வேண்டாம் என்பதே அப்போதைய நிலைப்பாடு.

அந்த அளவு 2024 கோடையில் மீறப்பட்டது. ஜூன் மாத இறுதியில் மீண்டும் தொடங்கிய தாக்குதலில், ஆகஸ்டு முதல் வாரத்துக்குள் லாஷியோ நகரமும் அங்கிருந்த வடகிழக்கு ராணுவத் தலைமையகமும் கோகாங் படையிடம் வீழ்ந்தன. விடுதலைக்குப் பின் மியான்மர் ராணுவம் ஒரு மண்டலத் தலைமையகத்தை இழந்தது அதுவே முதல் முறை. மாண்டலேயிலிருந்து முசே வழியாகச் சீனா செல்லும் வணிகச் சாலையில் இருப்பது லாஷியோ. ராணுவம் முழுவதுமாகச் சரிந்துவிடுமோ, சரிந்தால் நேப்பிடோவில் யார் வந்து அமர்வார்கள், மேற்கு நாடுகளோடு நெருக்கமான ஓர் அரசா, அல்லது எந்த அரசுமே இல்லாத நிலையா என்ற கேள்விகள் பெய்ஜிங்கைக் கலங்கவைத்தன. அதுவரை எரியவிட்டு வேடிக்கை பார்த்த தீயைச் சீனா அணைக்கத் தொடங்கியது அப்போதுதான்.

அணைத்த விதத்தைக் கவனிக்கவேண்டும். சீனப் படைவீரர் ஒருவரும் எல்லையைத் தாண்டி வந்து சண்டையிடவில்லை. எல்லைக் கதவுகள் மூடப்பட்டன. கோகாங்குக்கு வந்துகொண்டிருந்த மின்சாரமும் தண்ணீரும் இணையமும் நிறுத்தப்பட்டன. மருந்தும் எரிபொருளும் வருவது நின்றது. கோகாங், வா, மோங் லா ஆகிய எல்லைப் பகுதிகளில் கடைகளில் புழங்குவது யுவான், கைப்பேசி இயங்குவது சீன அலைவரிசையில். மோங் லாவில் கடிகாரங்கள்கூடப் பெய்ஜிங் நேரத்தையே காட்டுகின்றன. ஆகவே கதவை மூடினாலே கழுத்தை இறுக்கியதாகிவிடும். கோகாங் படையின் தளபதி பெங் தாஷுன் யுன்னானில் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார் என்று 2024 நவம்பரில் செய்தி வந்தபோது, அவர் மருத்துவச் சிகிச்சைக்காக வந்திருக்கிறார் என்று சீன வெளியுறவு அமைச்சகம் விளக்கம் அளித்தது. 2025 ஏப்ரலில், பலர் உயிரைக் கொடுத்துப் பிடித்த லாஷியோவைக் கோகாங் படை ராணுவத்திடம் திருப்பிக் கொடுத்தது. ஒப்படைப்பைச் சீனச் சிறப்புத் தூதர் தெங் ஷிஜுன் தலைமையில் வந்த கண்காணிப்புக் குழு நேரில் நின்று பார்த்தது. போர்க்களத்தில் வென்ற நகரத்தை ஒரு துப்பாக்கிக் குண்டும் வெடிக்காமல் வென்றவரே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதற்கு உலக வரலாற்றில் அதிக எடுத்துக்காட்டுகள் இருக்கமுடியாது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஏறத்தாழ 30,000 வீரர்களைக் கொண்டதாக மதிப்பிடப்படும் வா படை, தன் நெடுநாள் கூட்டாளிகளுக்கு இனி ஆயுதமோ பணமோ தரமுடியாது என்று சீனாவின் நெருக்குதலைக் காரணம் காட்டியே சொல்லிவிட்டது. அக்டோபர் இறுதியில் குன்மிங் பேச்சுவார்த்தைக்குப் பின், மாணிக்கக் கற்களுக்குப் பெயர்பெற்ற மோகோக்கை விட்டு விலகத் தாஆங் படையும் ஒப்புக்கொண்டது.

இதைப் படிப்பவர்கள், இறுதியில் சீனா ராணுவத்தைத்தானே காப்பாற்றியது, தலையங்கம் சொன்னதும் அதுதானே என்று கேட்கலாம். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு காப்பாற்றியது என்பது உண்மை. அந்த ஆகஸ்டில் வெளியுறவு அமைச்சர் வாங் யீ நேப்பிடோவுக்கே வந்து சென்றார். ஆனால் ஆட்சிக்கவிழ்ப்பு நடந்தது 2021 பிப்ரவரி 1-ஆம் நாள். அதை நடத்திய ராணுவத் தளபதி மின் ஆங் ஹிலைங் ஆட்சித் தலைவராகச் சீன மண்ணில் கால்வைக்க அனுமதிக்கப்பட்டது 2024 நவம்பரில், அதுவும் பெய்ஜிங்கில் அல்ல, ஒரு வட்டார மாநாட்டை ஒட்டி குன்மிங்கில். ஷி ஜின்பிங்கை அவர் சந்திக்க முடிந்தது 2025 மே மாதத்தில், மாஸ்கோவில். இடைப்பட்ட நான்காண்டுக் காத்திருப்பை நட்பின் அடையாளமாக எப்படிக் கொள்வது? ஆங் சான் சூகியை அதற்கு முன் ஷி ஜின்பிங் தாமே 2020 ஜனவரியில் நேப்பிடோவுக்குச் சென்று சந்தித்து, 33 ஒப்பந்தங்களில் கையெழுத்திட வைத்திருந்தார் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்த அரசோடு பெய்ஜிங்குக்கு எந்த மனக்கசப்பும் இருக்கவில்லை. சொல்லப்போனால், ராணுவத்தோடு இருந்ததைவிட அந்த அரசோடுதான் அதற்கு இணக்கம் அதிகமாக இருந்தது.

ராணுவத்தோடு இருக்கும் மனக்கசப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல் இந்த உறவு பிடிபடாது.

மக்கள் சீனத்தை 1949 டிசம்பரில் கம்யூனிஸ்டு அல்லாத நாடுகளில் முதலாவதாக அங்கீகரித்தது பர்மா. நம் நாடு சில நாட்கள் கழித்து அங்கீகரித்தது. அச்சம் கலந்த அவசரம் அது. மாவோவிடம் உள்நாட்டுப் போரில் தோற்றோடிய கோமிண்டாங் கட்சிப் படைகள் 1950-இல் தளபதி லி மியின் தலைமையில் ஷான் மலைகளில் வந்து முகாமிட்டன. அவற்றைத் துரத்தும் சாக்கில் மாவோவின் படை உள்ளே வந்துவிடுமோ என்று ரங்கூன் அஞ்சியது. அந்தப் படைகளைக் குறித்து ஐக்கிய நாடுகள் அவையில் 1953-இல் பர்மா முறையிட்டது. பின்னர் 1960-இல் இரு நாடுகளும் எல்லை உடன்படிக்கை செய்துகொண்டன. ஜனவரியில் அப்போது ஆட்சியில் இருந்த ராணுவத் தளபதி நே வின் முன்னுடன்பாட்டில் கையெழுத்திட, அக்டோபர் 1-இல் பிரதமர் ஊ நூ முழு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பிமோ, கோலம், காங்பாங் சிற்றூர்களைச் சீனா பெற்றது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து நிரந்தரக் குத்தகையில் இருந்த நாம்வான் பகுதி பர்மாவுக்கே உரியதாயிற்று. சீனப் பிரதமர் சௌ என்லாய் அதில் காட்டிய விட்டுக்கொடுப்பைப் புதுடில்லி அன்று சரியாக எடைபோட்டிருந்தால் 1962-இன் இந்திய-சீனப் போர் வேறுவிதமாக அமைந்திருக்குமா என்பது வரலாற்று மாணவர்கள் இன்றும் விவாதிக்கும் கேள்வி. அது வேறு கடிதத்துக்கு உரியது.

இந்த இணக்கம் ஏழு ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. 1967 ஜூனில், சீனப் பள்ளி மாணவர்கள் மாவோ உருவச் சின்னம் அணிந்து வந்ததை ஒட்டி எழுந்த பூசலில் ரங்கூன் சீனர்கள் தாக்கப்பட்டுப் பலர் உயிரிழந்தார்கள். பெய்ஜிங் நே வின்னைப் பாசிஸ்டு என்று ஏசியது. 1968-ஆம் ஆண்டின் முதல் நாளில், சீனாவில் பயிற்சியும் ஆயுதமும் பெற்ற பர்மா கம்யூனிஸ்டுக் கட்சியின் படை எல்லை கடந்து மோங் கோவுக்குள் நுழைந்தது. அதன் பிறகு இருபது ஆண்டுகள் வடகிழக்கு மலைகளில் நடந்த போரில் பர்மா ராணுவத்தின் இளம் அதிகாரிகள் ஒரு தலைமுறையே சீனத் துப்பாக்கிகளுக்கு எதிரில் நின்றது. தெங் சியாவோபிங் 1978-இல் ரங்கூனுக்கு வந்தபின் அந்த உதவி மெல்ல மெல்லக் குறைக்கப்பட்டது. 1989-இல் கட்சியின் படைவீரர்களே கலகம் செய்து தலைவர்களைச் சீனாவுக்குத் துரத்திவிட்டார்கள். அந்தக் கட்சி உடைந்து சிதறிய துண்டுகளே இன்றைய வா படையும், கோகாங் படையும், மோங் லா படையும். ஆக, இன்று சீனா கதவை மூடி வழிக்குக் கொண்டுவரும் படைகள் ஒரு காலத்தில் சீனாவே ஊட்டி வளர்த்தவற்றின் வாரிசுகள். அவற்றை எதிர்த்துப் போரிட்டே பதவி உயர்வு பெற்றவர்கள் நேப்பிடோவின் தளபதிகள். மின் ஆங் ஹிலைங்கே 2009-இல் கோகாங் படையை லவுக்காயிலிருந்து விரட்டிய நடவடிக்கையின் மூலம்தான் மேலே வந்தார். அப்போது முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டி யுன்னானுக்கு ஓடினார்கள். சீனா வெளிப்படையாகவே முகம் சுளித்தது.

சீனாவிடம் மட்டும் சிக்கிக்கொள்ளக்கூடாது என்பதை அந்த ராணுவம் பலமுறை காட்டியிருக்கிறது. ஐராவதி ஆறு பிறக்கும் இடத்தில் 6,000 மெகாவாட் திறனுடன், 360 கோடி டாலர் செலவில் சீன நிறுவனம் கட்டிவந்த மியிட்சோன் அணையை 2011 செப்டம்பர் 30-இல் அதிபர் தெயின் செயின் ஒரே அறிவிப்பில் நிறுத்திவைத்தார். அவர் ஒரு முன்னாள் ராணுவத் தளபதி. பெய்ஜிங் அதை அறிவிப்பு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டது என்று சொல்லும் அளவுக்குத் திகைத்தது. போர் விமானங்களுக்கு அந்த ராணுவம் ரஷ்யாவை நாடுவதும் இதே காரணத்தால்தான். பின்னர் வந்த சூகியின் அரசும் இதில் சளைத்ததல்ல: வங்காள விரிகுடாக் கரையில் உள்ள கியாக்பியூ ஆழ்கடல் துறைமுகத்தின் முதல் கட்டச் செலவை 730 கோடி டாலரிலிருந்து 130 கோடியாகக் குறைத்து, சீனாவின் பங்கை 85 விழுக்காட்டிலிருந்து 70 ஆக இறக்கி 2018 நவம்பரில் கையெழுத்திட்டது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனதை அதற்கு முந்தைய ஆண்டு நேப்பிடோவும் கவனித்துக்கொண்டுதான் இருந்தது.

கியாக்பியூ என்றதும், தன் எண்ணெய்க் கப்பல்கள் கடந்துவரும் மலாக்கா நீரிணையைத் தவிர்க்கச் சீனா கண்டுபிடித்த மாற்றுவழி அது என்று எழுதுவது நம் இதழ்களில் வழக்கமாகிவிட்டது. அங்கிருந்து யுன்னானுக்குச் செல்லும் எரிவாயுக் குழாய் 2013-லும் எண்ணெய்க் குழாய் 2017-லும் இயங்கத் தொடங்கின. எண்ணெய்க் குழாயின் முழுக் கொள்ளளவு ஆண்டுக்கு 2.2 கோடி டன், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 4.4 லட்சம் பீப்பாய். சீனா இறக்குமதி செய்யும் கச்சா எண்ணெயோ நாளொன்றுக்கு 1.1 கோடி பீப்பாய்க்கு மேல். நூற்றில் நான்கு பங்கைக் கொண்டு மலாக்காவை மறந்துவிட முடியாது. அந்தக் குழாயால் உண்மையில் பயன்பெறுவது, கடலிலிருந்து வெகு தொலைவில் முடங்கிக் கிடந்த யுன்னான் மாகாணம். மியான்மரைப் பொறுத்தவரை பெய்ஜிங்கின் பெருங்கனவுகளைவிடக் குன்மிங்கின் அன்றாடக் கணக்குகளே, எல்லை வணிகம், சுத்திகரிப்பு ஆலைக்கு எண்ணெய், அகதிகள் வராமை, போதைப்பொருள் வராமை என்ற கணக்குகளே, பல வேளைகளில் முடிவுகளைத் தீர்மானிக்கின்றன என்பது என் எண்ணம்.

கணக்கில் அண்மைக் காலத்தில் சேர்ந்திருப்பது அருமண் தாதுக்கள். மின்வாகன மோட்டார்களுக்கு வேண்டிய காந்தங்களில் சேர்க்கப்படும் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் கச்சின் மாநிலத்துப் பாங்வா, சிப்வி மலைகளிலிருந்து சீனாவுக்குப் போகின்றன. மலைச்சரிவில் துளையிட்டு அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலை உள்ளே செலுத்தி, வழிந்து வரும் நீரைத் தொட்டிகளில் பிடித்துத் தாதுவைப் பிரிக்கும் முறை அது. மண்ணும் ஓடைகளும் பாழாவதைக் கண்டு சீனா தன் தென்மாகாணங்களில் அந்தச் சுரங்கங்களைக் கட்டுப்படுத்தியபோது, தொழில் எல்லைக்கு அப்பால் இடம்பெயர்ந்தது; நஞ்சு கச்சின் மக்களுக்கு, தாது சீன ஆலைகளுக்கு. 2024 அக்டோபரில் அந்த மலைகளைக் கச்சின் விடுதலைப் படை கைப்பற்றியது. எல்லைக் கதவுகள் வழக்கம்போல் மூடப்பட்டன. ஆனால் இம்முறை கதவை மூடியவருக்கும் வலித்தது. ராணுவத்தின் பிடியில் இருந்த பாமோ நகரத்தின் மீதான தாக்குதலை நிறுத்தாவிட்டால் தாது வாங்குவதையே நிறுத்திவிடுவோம் என்று சீனா எச்சரித்ததாக 2025 ஜூலையில் செய்திகள் வெளிவந்தன. கச்சின் படை அதற்குப் பணிந்து பாமோவை விட்டுப் பின்வாங்கவில்லை. அதே ஆண்டு சீனா அருமண் காந்தங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது நம் நாட்டு வாகன உற்பத்தியாளர்கள் திண்டாடினார்கள் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காந்தங்களின் ஒரு பகுதி கச்சின் மலைகளில் பிறந்தது என்பதைத் தமிழில் யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் கண்மாய் மடையைத் திறந்து அடைக்கும் உரிமை உடையவர் யாருடைய வயல் நனையும், யாருடையது காயும் என்பதைத் தீர்மானித்துவிடுவார். ஆனால் வயலுக்குச் சொந்தக்காரர்களிடையே உள்ள வழக்கைத் தீர்த்துவைக்க அவரால் ஆகாது. சீனாவின் நிலை ஏறத்தாழ அதுதான். எந்தச் சண்டை எப்போது நிற்கவேண்டும் என்பதை எல்லையோரத்தில் அது சொல்ல முடியும். கூட்டாட்சி அமைப்பு எப்படி இருக்கவேண்டும், ராணுவம் அரசியலிலிருந்து எப்போது விலகும், நாடுகடந்து வாழும் லட்சக்கணக்கானோர் எப்படித் திரும்புவார்கள் என்ற கேள்விகளில் அதற்குச் சொல்ல எதுவும் இல்லை, சொல்ல விருப்பமும் இல்லை. 2024 ஜனவரி முதல் நாளில், ஆட்சிக்கவிழ்ப்பை எதிர்ப்போர் அமைத்த தேசிய ஒற்றுமை அரசு, ஒரே சீனா என்ற கொள்கையை ஏற்பதாகவும் சீன முதலீடுகளைப் பாதுகாப்பதாகவும் அறிக்கை வெளியிட்டுக் கையை நீட்டியது. அதற்குப் பெய்ஜிங் வெளிப்படையாகப் பதில் கொடுத்ததாகத் தெரியவில்லை. மக்களாட்சியை வெறுப்பதால் அல்ல. யார் வென்றாலும் பேசிக்கொள்ளலாம், அதுவரை எல்லோரும் தன்னிடம் வந்து நிற்கும் நிலை நீடிக்கட்டும் என்பதால்.

இந்தப் போக்கின் விலையைக் கொடுப்பவர்கள் யார் என்பதைத் தாய்லாந்து எல்லையில் உள்ள மியாவாடியைப் பார்த்தால் அறியலாம். தகவல் தொழில்நுட்ப வேலை என்று நம்பிச் சென்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022-இல் அங்கே மோசடி முகாம்களில் அடைபட்டு, மீட்கப்பட்டுச் சென்னை திரும்பிய செய்தி தங்கள் நாளிதழிலும் வந்தது. லவுக்காய் முகாம்கள் நொறுக்கப்பட்டபோது மியாவாடி முகாம்கள் அசைவின்றி நின்றன, விரிவடையவும் செய்தன. சீன நடிகர் ஒருவர் 2025 ஜனவரியில் அங்கே கடத்திச் செல்லப்பட்டுச் சீனாவில் பெரும் கொந்தளிப்பு எழுந்த பின்னரே, பெய்ஜிங்கின் அழுத்தத்தில் தாய்லாந்து பிப்ரவரியில் எல்லை தாண்டிச் செல்லும் மின்சாரத்தைத் துண்டித்தது. அதன் தொடர்ச்சியாக மார்ச்சில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை நம் விமானப்படை விமானங்கள் அழைத்துவந்தன. நம் பிள்ளைகள் வீடு திரும்பியது சீனா தன் பிள்ளைகளுக்காகச் சினந்ததன் துணைவிளைவு என்பதைக் கேட்கக் கசப்பாகத்தான் இருக்கிறது.

சீனாவைப் பின்பற்றி இந்தியாவும் நேப்பிடோவோடு நெருங்கவேண்டும், இல்லையேல் இடம் பறிபோகும் என்று தலையங்கத்தின் இறுதியில் தரப்பட்டிருந்த ஆலோசனையைப் பற்றியும் ஒரு சொல். மியான்மர் வழியாக மிசோரத்துக்குச் சரக்கு கொண்டுசெல்ல நம் நாடு 2008-இல் உடன்பாடு செய்துகொண்ட காலடான் திட்டத்தின் சித்வே துறைமுகம் 2023 மே மாதத்தில் முதல் சரக்குக் கப்பலை ஏற்றது. ஆனால் அங்கிருந்து மிசோரம் வரும் வழியில் உள்ள பலெட்வா 2024 ஜனவரி முதல் அரக்கான் படையின் கையில். நேப்பிடோவோடு எவ்வளவு நெருங்கினாலும் அந்தச் சாலையில் ஒரு சரக்குந்து நகராது. எல்லையில் வேலி போடவும், இருபுற மக்களும் விசாவின்றிச் சென்றுவரும் ஏற்பாட்டை நிறுத்தவும் 2024 பிப்ரவரியில் நம் உள்துறை அறிவித்ததன் பயனும் மிசோரமிலும் நாகாலாந்திலும் எழுந்த எதிர்ப்புதான். சீனாவிடம் நாம் கற்கத்தக்கது ஒன்று உண்டென்றால், எல்லைக்கு அப்பால் உண்மையில் யார் ஆள்கிறார்களோ அவர்களோடு பேசும் வழக்கம். அதைச் சீனா செய்யும் நோக்கத்தையும் முறையையும் கற்கவேண்டியதில்லை.

இனி வரும் மாதங்களில் தங்கள் செய்தியாளர்கள் கவனிக்கவேண்டிய இடம் லாஷியோவைவிடக் கியாக்பியூ என்று கருதுகிறேன். ராக்கைன் மாநிலத்தின் 17 நகரியங்களில் 14-ஐ அரக்கான் படை கைப்பற்றிவிட்டது. மேற்கு மண்டலத் தலைமையகம் இருந்த ஆன் நகரமும் 2024 டிசம்பரில் வீழ்ந்தது. ராணுவத்திடம் எஞ்சியிருப்பவை சித்வே, கியாக்பியூ, மனாவுங் ஆகியவை. குழாய்கள் தொடங்குவதும் துறைமுகம் கட்டப்பட இருப்பதும் கியாக்பியூவில். அது யுன்னானிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. அங்கே துண்டிக்கச் சீன மின்கம்பி இல்லை, மூடச் சீன எல்லைக் கதவு இல்லை, புழங்குவது யுவானும் இல்லை. அரக்கான் படை சீன முதலீடுகளைத் தொடமாட்டோம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது, ஆனால் நகரத்தைத் தொடமாட்டோம் என்று சொல்லவில்லை. வெளிநாட்டுத் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் உரிமம் பெற்று இயங்க இடமளிக்கும் சட்டத்தை நேப்பிடோ 2025 பிப்ரவரியில் இயற்றியது இந்த நெருக்கடியை மனத்தில் வைத்துத்தான் என்று தோன்றுகிறது. வங்காள விரிகுடாவின் கரையில் சீனக் காவலர்கள் ஆயுதத்துடன் நிற்கும் நாள் வந்தால், அது ராணுவம் சீனாவின் கைக்குள் இருந்ததால் வந்த நாளாக இருக்காது. தன் குழாயைக் காக்கும் வலு ராணுவத்துக்கு இல்லை என்று சீனா முடிவுக்கு வந்த நாளாகவே இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி.